மின்சார கார் உற்பத்தி: ரோபோவும் சப்ளையரும் – கேள்வி பதில்

2017-ல் டெஸ்லாவிடம் அத்தனை ரோபோக்கள் இருந்தும் மாடல் 3 கார் ஏன் சொன்னபடி வெளியே வரவில்லை?

ரோபோக்களை அவசரப்பட்டு நுழைத்ததுதான் பாதிக் காரணம். அந்த ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரை 1,500 கார் வரும் என்றார்கள், வந்தது 260. பேட்டரி பேக்கின் மேல் கண்ணாடி இழைப் பாய் ஒன்றை ஒட்டும் வேலைக்கு ரோபோ போட்டார்கள். பஞ்சு மாதிரி இருக்கும் பாயை அதனால் ஒழுங்காகப் பிடித்துத் தூக்க முடியவில்லை. ரோபோவைச் சரிசெய்தார்கள், வேகப்படுத்தினார்கள், பசையைக் குறைத்தார்கள். கடைசியில்தான் இந்தப் பாய் எதற்கு என்று எலான் மஸ்க் விசாரித்தார். பேட்டரி பாதுகாப்புப் பிரிவு, சத்தத்தைக் குறைக்க என்றது. சத்தம், அதிர்வைக் கவனிக்கும் பிரிவோ, தீப் பாதுகாப்புக்கு என்றது. பாய் வைத்தும் வைக்காமலும் ஓட்டிப் பதிவுசெய்து பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. பாய் போனது, ரோபோவும் போனது. சிக்கலான கன்வேயர் வலை ஒன்றையும் கழற்றி எறிந்தார்கள். 2018 ஜூன் கடைசியில் வாரம் 5,000 கார் தொட்டபோது, கூடாரம் அடித்துப் போட்ட ஒரு அசெம்ப்ளி லைனும் கைகொடுத்தது.

டெஸ்லாவின் இந்த ஆலை கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறது. அதே கட்டடத்தில்தான் 1984 முதல் 2010 வரை டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாகக் கார் செய்தன. கோளாறு கண்டால் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தும் உரிமை அங்கே தொழிலாளிக்கு இருந்தது. அதே எண்பதுகளில் தன் மற்ற ஆலைகளில் ரோபோக்களுக்குக் கோடி கோடியாகக் கொட்டிய ஜெனரல் மோட்டார்ஸுக்கு அந்தத் தரம் வரவில்லை. கையால் செய்து சரிவந்த வேலையை மட்டும் ரோபோவிடம் கொடுங்கள். இதை நான் எழுதாத மாதம் இல்லை.

எந்த வேலைக்கு ரோபோ, எந்த வேலைக்கு ஆள்?

வெல்டிங், பெயின்ட், கனமானதைத் தூக்குவது: ரோபோ. வயர் ஹார்னஸ் (காருக்குள் ஓடும் வயர்க் கட்டு), ரப்பர் பீடிங், கார்பெட் என வளைந்து நெளியும் எதுவும்: ஆள்.

ஒரு ரோபோ வாங்கினால் எத்தனை பேரைக் குறைக்கலாம்?

என்ன பாகம், மாதம் எத்தனை, சைக்கிள் டைம் (ஒரு பாகம் முடிய ஆகும் நேரம்) எவ்வளவு, இப்போது ஸ்கிராப் (கழிவாகும் பாகம்) எவ்வளவு? ஒன்றும் எழுதவில்லை. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

எங்கள் பேட்டரி மாட்யூல் (செல்களைக் கோர்த்த கட்டு; இவை சேர்ந்ததுதான் பேக்) லைன் ஆறு மாதம் தாமதம். லைன் செய்து தரும் சப்ளையர் கவிழ்த்துவிட்டார். நாங்கள் என்ன செய்ய முடியும்?

சப்ளையரைத் தேர்ந்தெடுத்தது யார்? பர்ச்சேஸ் ஆர்டர் போட்டது யார்? இந்தச் சாக்கைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. உங்கள் லைன் நின்றால் அது உங்கள் தோல்விதான்.

நெவாடா ஆலையில் டெஸ்லாவின் மாட்யூல் லைனுக்கு நான்கு பகுதிகள். அதில் ஒன்றை எடுத்த ஒப்பந்தக்காரர் கவிழ்த்துவிட்டார் என்று 2017 நவம்பரில் சொன்னார்கள். மென்பொருளை அடியிலிருந்து திரும்ப எழுத வேண்டி வந்தது. புது இயந்திரங்களை ஜெர்மனியிலிருந்து விமானத்தில் கொண்டுவந்தார்கள். இதெல்லாம் ஊரறிந்த பிறகும், 2023 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் அதே இடத்தில் மாட்டிக்கொண்டது: ஆட்டோமேஷன் சப்ளையர் தாமதம், மாட்யூல் வரவில்லை. அதன் பிறகுதான் தன் பொறியாளர்களைச் சப்ளையரின் இடத்துக்கு அனுப்பியது, கையால் மாட்யூல் கோர்க்கும் லைன்களையும் சேர்த்தது. ஆர்டர் போட்ட வாரமே அனுப்பியிருக்க வேண்டிய ஆட்கள் அவர்கள்.

செல்லிலும் இதே கதைதான். ஜெனரல் மோட்டார்ஸின் மின்சார கார் செவர்லே போல்ட்டில் எல்ஜி கொடுத்த சில செல்களுக்குள் கிழிந்த ஆனோடு டேபும் (எதிர்முனையின் இணைப்புத் தகடு) மடிந்த செபரேட்டரும் (இரு முனைகளையும் பிரிக்கும் படலம்) ஒன்றாகச் சேர்ந்து தீப்பிடித்தது. சுமார் 1.4 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். எல்ஜி 190 கோடி டாலர் வரை ஈடுகட்ட ஒப்புக்கொண்டது. ஆனாலும் போல்ட் லைன் அரை வருடத்துக்கு மேல் பெரும்பாலும் நின்றே கிடந்தது.

உங்களுக்கு வருகிறேன். சப்ளையரின் ஷெட்டில் டிரையல் பார்த்தீர்களா? பொறுக்கி எடுத்த பத்து பீஸை ஓட்டிக் காட்டுவார்கள், நம்பாதீர்கள். வெவ்வேறு லாட்டிலிருந்து உங்கள் செல்லை எடுத்துப் போய், ஒரு முழு ஷிஃப்ட் ஓட்டச் சொல்லுங்கள். அடுத்து பி.எல்.சி. (லைன் இயந்திரங்களை இயக்கும் கணினி) புரோகிராம். நான் பார்த்த ஒரு ஆலையில் ஒரு சென்சாரை நான்கு விரல் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. புரோகிராமைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்ததால், வெளிநாட்டுப் பொறியாளர் வரும்வரை லைன் சும்மா கிடந்தது. பூட்டாத புரோகிராம் கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். இப்போதைக்கு, கையால் மாட்யூல் கோர்க்கும் ஒரு சின்ன லைனை உடனே போடுங்கள். பஸ்பார் (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) வெல்டிங்கில் என்ன தப்பு வரும் என்று உங்கள் ஆட்களுக்கும் புரியும்.

பெரிய அலுமினிய வார்ப்பு வந்தால் சப்ளையர் தொல்லை ஒழியுமா?

இடம் மாறும், ஒழியாது. டெஸ்லா மாடல் Y-யின் பின் அடிச்சட்டத்தில் சுமார் 70 பாகங்கள் ஒரே வார்ப்பாகின. எழுபது பாகத்தைத் தேடி ஓட வேண்டாம், வெல்டிங் ரோபோக்களும் குறையும். பதிலுக்கு, 6,000 டன் விசை கொண்ட வார்ப்பு பிரஸ் செய்யும் இத்தாலியின் இட்ரா போன்ற ஒரு சிலரை நம்ப வேண்டும். வார்ப்பு அச்சில் கோளாறு என்றால் முழு லைனும் நிற்கும். மாதம் சில நூறு கார் செய்பவருக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

மோட்டார் காந்தத் தட்டுப்பாடு மின்சார கார்களுக்கு மட்டும்தானா?

இல்லை. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதி அனுமதி கட்டாயம் என்றது. மே மாதம் காந்தம் கிடைக்காமல் ஃபோர்டின் சிகாகோ ஆலை ஒரு வாரம் நின்றது. அங்கே செய்வது எக்ஸ்ப்ளோரர் என்ற பெட்ரோல் கார். பிஎம்டபிள்யூவும் ரெனோவும் காந்தமில்லாத மோட்டாரைச் சில மாடல்களில் ஏற்கெனவே ஓட்டுகின்றன. ஒரே இடத்தில் வாங்காதீர்கள் என்று சொன்னால் விலையைக் காட்டி மறுத்தவர்கள்தான் இன்று எனக்கு எழுதுகிறார்கள்.

சீனாவின் பி.ஒய்.டி. போல எல்லாவற்றையும் நாமே செய்தால் என்ன?

பி.ஒய்.டி. 1995-ல் பேட்டரி கம்பெனியாகத் தொடங்கி, 2003-ல்தான் காருக்கு வந்தது. செல் செய்யத் தெரிந்துகொண்டு கார் செய்தவர்கள் அவர்கள். நீங்கள் பேக் அசெம்ப்ளியில் தொடங்குங்கள். செல்லை இப்போதைக்கு இரண்டு இடத்தில் வாங்குங்கள்.