பிளாட்டினம் இருக்கட்டும், அந்தக் காய்ச்சலைச் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு வயது 31. விரைப் புற்றுநோய்க்காக ஒரு விரையை அகற்றிவிட்டு சிஸ்பிளாட்டின், எட்டோபோசைட், ப்ளியோமைசின் மூன்றும் சேர்ந்த கீமோ கொடுக்கிறார்கள். இரண்டு சுற்று முடிந்துவிட்டது. முடி கொட்டிவிட்டது, நகம் கறுத்திருக்கிறது, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல். இரண்டாவது சுற்றின் 12ஆம் நாள் இரவு நடுக்கத்துடன் 101 டிகிரி காய்ச்சல் வந்தது. பாராசிட்டமால் போட்டேன், சரியாகிவிட்டது. என் பயம் வேறு. இந்த வகை மருந்துகள் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும், ஏணி போன்ற அதன் படிகளுக்கு நடுவே செருகிக்கொள்ளும், பிளாட்டினம் உடலை விட்டுப் போகவே போகாது என்று இணையத்தில் படித்தேன். என் மரபணு மாறிவிடுமா? நான்கு வயது மகளைத் தூக்கலாமா? உலோகத்தை வெளியேற்ற குளூட்டாதயோன் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன். மூன்றாவது சுற்றை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். அந்த மாத்திரையையும் பிரிக்காதீர்கள். காரணம் சொல்கிறேன், ஆனால் முதலில் அந்தக் காய்ச்சல்.

இவ்வளவு நீளக் கடிதத்தில் காய்ச்சலுக்கு ஒரே வரி கொடுத்திருக்கிறீர்கள். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த ஒரு வரிதான். கீமோ தொடங்கி ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெள்ளையணுக்கள், குறிப்பாக கிருமியோடு முதலில் சண்டை போடும் நியூட்ரோபில்கள், மிகவும் கீழே இறங்கிவிடும். 12ஆம் நாள் அதற்கு நடுவில் வருகிறது. அந்த நேரத்தில் கிருமி ரத்தத்தில் நுழைந்தால் சீழ் வராது, வீக்கம் வராது, தொண்டைகூடச் சிவக்காது. இவற்றையெல்லாம் உண்டாக்க வெள்ளையணு வேண்டுமே! காய்ச்சல் ஒன்றுதான் தெரியும். அதையும் பாராசிட்டமால் போட்டு இறக்கிவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நீங்கள் தப்பித்தது அதிர்ஷ்டம்.

‘ப்ளியோமைசின் போட்டால் காய்ச்சல் வரும் என்றார்களே’ என்று கேட்பீர்கள். வரும். ஆனால் அது ஊசி போட்ட அன்றோ மறுநாளோ வந்து போய்விடும். ஊசி போட்டு நாலைந்து நாள் கழித்து நடுக்கத்தோடு வருவதை அதன் கணக்கில் எழுத முடியாது. எது எந்தக் காய்ச்சல் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யவும் வேண்டாம்.

அதனால் தெர்மாமீட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். 100.4 டிகிரி, அதாவது 38 செல்சியஸ் தொட்டால் மாத்திரை போடாமல், விடியட்டும் என்று காத்திராமல், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். உள்ளே நுழைந்ததும் ‘நான் கீமோவில் இருக்கிறேன்’ என்பதுதான் முதல் வாக்கியமாக இருக்க வேண்டும். ரத்தம் எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல், ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள். காய்ச்சலே இல்லாமல் நடுக்கம் மட்டும் வந்தாலும் இதேதான். நடந்ததை உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். அடுத்த சுற்றில் வெள்ளையணுவைத் தூண்டும் ஊசி தேவையா என்று அவர் முடிவு செய்ய இந்தத் தகவல் வேண்டும்.

சரி, இப்போது டிஎன்ஏ.

நீங்கள் படித்ததில் பாதி உண்மை, ஆனால் வெவ்வேறு மருந்துகளின் கதையை ஒன்றாகக் கலந்துவிட்டீர்கள். படிகளுக்கு நடுவே செருகிக்கொள்வது டாக்ஸோரூபிசின் போன்றவற்றின் வேலை. அது உங்கள் மருந்துச் சீட்டிலேயே இல்லை. எட்டோபோசைட் டிஎன்ஏவின் முறுக்கைத் தளர்த்தும் ஒரு நொதியை, அது இழையை வெட்டிய நிலையிலேயே பிடித்து நிறுத்திவிடும். ப்ளியோமைசின் இரும்பைச் சேர்த்துக்கொண்டு ஆக்சிஜன் உதவியோடு இழையை நறுக்கும். நிஜமாகவே இறுக்கிப் பிடித்துக்கொள்வது சிஸ்பிளாட்டின்தான்.

அதன் அமைப்பு எளிது. நடுவில் ஒரு பிளாட்டினம் அணு, அதைச் சுற்றி இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரைடு. ரத்தத்தில் குளோரைடு நிறைய இருப்பதால் மருந்து பெரும்பாலும் அப்படியே இருக்கும். செல்லுக்குள் குளோரைடு குறைவு, அங்கே போனதும் குளோரைடு கழன்று அந்த இடத்துக்குத் தண்ணீர் வரும். அப்போதுதான் பிளாட்டினத்துக்குப் பிடிக்கும் குணம் வருகிறது. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினின் ஒரு நைட்ரஜனைப் பற்றும். பக்கத்தில் இன்னொரு குவானின் இருந்தால் அதையும் சேர்த்து இழுத்துக் கட்டும். கட்டிய இடத்தில் இழை கூன் போட்டதுபோல் வளைந்துவிடும். இரண்டு குளோரைடும் ஒரே பக்கத்தில் இருப்பதால்தான் இது முடிகிறது. அதே அணுக்களை வைத்து குளோரைடுகள் எதிரெதிர்ப் பக்கத்தில் அமைந்த இன்னொரு சேர்மம் உண்டு, அது புற்றுநோயை ஒன்றும் செய்வதில்லை.

இந்தக் கூனை செல் சும்மா விடாது. பழுதுபார்க்கும் நொதிகள் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பும். அதற்கு நேரம் வேண்டும். அவசரமாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்லுக்கு அந்த நேரம் இல்லை. 1965இல் விஞ்ஞானி பார்னெட் ரோசன்பெர்க் இந்த மருந்தின் குணத்தைத் தற்செயலாகக் கண்டதே அப்படித்தான்: மின்சாரம் பாய்ச்சிய பாக்டீரியாக்கள் சாகவில்லை, பிரிய மட்டும் முடியாமல் நூல் நூலாக நீண்டன. காரணம் மின்சாரமல்ல, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம். வெள்ளையணுவை உண்டாக்கும் உங்கள் எலும்பு மஜ்ஜையும் முடிவேரும் வேகமாகப் பிரிபவை, அதனால்தான் அடி வாங்குகின்றன. விரைப் புற்றுநோய் செல்களுக்கோ இந்தப் பழுதுபார்க்கும் திறமையே குறைவு. 1974இல் மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டினை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, பரவிய பிறகும் பெரும்பாலானவர்களைக் குணப்படுத்த முடிகிற புற்றுநோய் ஆகிவிட்டது இது. அதை இரண்டு சுற்றோடு பாதியில் விடுவேன் என்கிறீர்கள்!

மரபணு மாறுமா? உங்கள் செல்கள் சிலவற்றில் காயம் தப்பாகத் தைக்கப்படலாம். சிகிச்சை முடிந்தும் வருடக்கணக்கில் பரிசோதனைக்கு வரச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். அது உங்களோடு நிற்கும், தொட்டால் பரவாது. மகள் பிறந்துவிட்டாள், அவள் மரபணுவுக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை. தாராளமாகத் தூக்குங்கள், அவளுக்குச் சளி, காய்ச்சல் இருக்கும் நாட்களைத் தவிர. கீமோ முடிந்த இரண்டு மூன்று நாள் சிறுநீரில் மருந்து வெளியேறும். கழிவறையை நன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், வாந்தியைச் சுத்தம் செய்பவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். சிகிச்சைக் காலம் முழுக்க ஆணுறை. இன்னொரு குழந்தை என்றால் சிகிச்சை முடிந்து ஒரு வருடமாவது பொறுத்து, மருத்துவரைக் கேட்டுவிட்டு.

பிளாட்டினம் வருடக்கணக்கில் ரத்தத்தில் தென்படும் என்பது உண்மை. அது மிகச் சொற்பம். அதை வெளியேற்றுகிறேன் என்று நீங்கள் வாங்கி வைத்திருக்கும் குளூட்டாதயோனில் கந்தகம் இருக்கிறது. பிளாட்டினத்துக்குக் கந்தகம் என்றால் மிகவும் இஷ்டம், டிஎன்ஏவை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். புற்றுநோய் செல்கள் மருந்தை முடக்கித் தப்பிக்கும் வழிகளில் ஒன்றே இந்தக் குளூட்டாதயோன்தான். எதிரிக்கு நீங்களே ஆயுதம் வாங்கிக் கொடுக்க வேண்டாம். ‘டீடாக்ஸ்’ என்று விற்கும் எதையும் தொடாதீர்கள். ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் வேண்டாம், சிஸ்பிளாட்டின் ஏற்கெனவே சிறுநீரகத்தைப் படுத்துகிறது.

முடி முளைக்கும். நகம் வளர்ந்து மாறும். உலோகச் சுவை போகும். காது இரைச்சல் மட்டும் அப்படியில்லை. உள்காதின் செல்கள் போனால் திரும்ப வராது. மூன்றாவது சுற்றுக்கு முன்பே கேட்கும் திறன் பரிசோதனை செய்துகொண்டு, முடிவோடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். வறட்டு இருமலோ மூச்சிரைப்போ தொடங்கியிருந்தால் அதையும் அன்றே சொல்லுங்கள். ப்ளியோமைசினை நிறுத்த வேண்டுமா என்று அவர்தான் பார்க்க வேண்டும்.