மூடிய டேனரி நிலத்தில் வீட்டுமனை: அட்வான்ஸுக்கு முன் மண் சோதனை

கேள்வி: ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் 24 குடும்பங்கள் சேர்ந்து, வாணியம்பாடி ஓரத்தில் ஒன்றரை ஏக்கர் வாங்கி அரசு மானியத்தில் வீடு கட்ட நினைக்கிறோம். முன்பு அங்கே டேனரி (தோல் பதனிடும் ஆலை) இருந்தது. "மூடி இருபது வருஷம் ஆச்சு, மழையில எல்லாம் கழுவிப் போயிருக்கும். பட்டா, வில்லங்கம் ரெண்டும் சுத்தம்" என்கிறார் புரோக்கர். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள்.

பட்டாவும் வில்லங்கச் சான்றும் நிலம் யாருடையது, அதன் மேல் கடன் உண்டா என்பதைத்தான் சொல்லும். மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று அவற்றில் ஒரு வரிகூட இருக்காது. மாசுபடுத்தியவரே நிலத்தைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்று வேலூர் டேனரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996இல். மாசுபட்ட இடங்களைக் கண்டறிந்து பட்டியலிட மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது 2025இல். இத்தனை வருஷம் எதற்கு? வாடகை கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் அந்தப் பட்டியலுக்காகக் காத்திருக்க முடியாது. சோதனைச் செலவு உங்கள் தலையில் விழுவது அநியாயம்தான், ஆனாலும் செய்துவிடுங்கள்.

மழை கழுவிவிடும் என்பது பொய். தோலுக்குப் போட்ட உப்பு கீழே இறங்கிக் கிணற்றுக்கும் போருக்கும் போகும். தோலைப் பதனிடப் போட்ட குரோமியம் என்ற உலோகம் பெரும்பாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கும். ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு, லட்சம் டன்னுக்கு மேல், கால் நூற்றாண்டு தாண்டியும் குவிந்தே கிடந்தது.

குரோமியத்தில் டேனரி பயன்படுத்துவது குரோமியம்-3 என்ற வகை. மண்ணில் படிந்தபின் அது தண்ணீரில் எளிதில் கரையாது. பயப்பட வேண்டியது குரோமியம்-6; கரையும், புற்றுநோய் உண்டாக்கும். தோல் துண்டுகளையும் கசடையும் எரித்த இடத்தில் 3இல் ஒரு பகுதி 6 ஆக மாறியிருக்கும். ஆகவே கரி படிந்த மூலை இருந்தால் அங்கே கட்டாயம் மண் எடுங்கள்.

"இது பட்டை ஷாப்புங்க, குரோமே போடல" என்றும் சொல்வார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் மட்டும் போட்டுப் பதனிட்ட பழைய ஷாப்புகள் இருந்தது உண்மை. அங்கே குரோமியம் தொல்லை இல்லை. ஆனால் அவற்றில் பல பின்னாளில் குரோமுக்கு மாறின. பட்டை போடுவது பெரும்பாலும் குழியில், குரோம் போடுவது சுழலும் பெரிய டிரம்மில். டிரம்மைத் தாங்கிய கான்கிரீட் மேடைகள் வரிசையாக நின்றால் புரோக்கர் பேச்சை நம்பாதீர்கள். அங்கே வேலை பார்த்த பெரியவர் யாராவது உங்கள் தெருவிலேயே இருப்பார், கேளுங்கள். உண்மையிலேயே பட்டை ஷாப்பாக இருந்தாலும் உப்பு உண்டு.

இந்த வியாபாரத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஏமாற்று: நாலு லோடு கிராவல் கொட்டி மட்டம் பண்ணி, அந்தப் புது மண்ணையே பையில் அள்ளி லேபுக்கு அனுப்பி, "பாஸ்" என்று தாளைக் காட்டுவது. புரோக்கர் கொடுக்கும் ரிப்போர்ட்டை வாங்கவே வாங்காதீர்கள். ஆய்வகத்து ஆளே வந்து, உங்கள் கண் முன்னால் எடுக்கட்டும். சுண்ணாம்புக் குழி, டிரம் இருந்த இடம், கழிவுநீர்த் தொட்டி ஆகிய ஒவ்வொன்றிலும் கிராவலுக்குக் கீழே ஓரடி, மூன்றடி, ஆறடியில் தனித்தனியாக. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் கெட்ட இடம் மறைந்துவிடும். மொத்த குரோமியம், குரோமியம்-6, குளோரைடு, சல்பேட் என்று எழுதிக் கேளுங்கள். போர் தண்ணீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. சாதாரண குடிநீர்ச் சோதனையில் பல லேப்கள் இதைப் பார்ப்பதில்லை.

கெட்ட மண் ஒரு மூலையில் மட்டும் இருந்தால் வழி உண்டு. அதை முறைப்படி அகற்றலாம். ஆனால் அது அபாயக் கழிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொல்லி, கும்மிடிப்பூண்டியில் உள்ளதுபோன்ற அனுமதி பெற்ற கிடங்குக்குப் போக வேண்டும். "ராத்திரி ஜேசிபி வெச்சு பாலாத்துல தள்ளிடலாம்" என்பவரோடு சேராதீர்கள். பத்திரம் உங்கள் பெயரில் இருந்தால் வழக்கில் நீங்களும் சிக்குவீர்கள். வீட்டு மானியம் வீடு கட்டத்தான், மண் அள்ள அதில் பணம் கிடையாது. அந்தச் செலவை நில விலையில் கழிக்கச் சொல்லுங்கள். உப்பு அதிகமென்றால் கம்பி துருப்பிடிக்கும், சுவர் பொரியும். அஸ்திவாரத்துக்கு எந்த சிமென்ட் என்பதை குளோரைடு, சல்பேட் அளவைப் பார்த்து இன்ஜினியர் முடிவு செய்யட்டும்.

ஒப்பந்தத்தில், "மண், நீர்ச் சோதனை சரியில்லையென்றால் அட்வான்ஸ் முழுவதையும் உரிமையாளர் திருப்பித் தர வேண்டும்" என்று எழுத வையுங்கள். பணம் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும், புரோக்கர் கையில் வேண்டாம். உரிமையாளர் கையெழுத்துப் போட மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.