சாயக்காரர் தெருவும் ஆர்னோவும் – கடிதம்

வணக்கம் சார்,

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்கிறேன். வேலையாக மிலான் போனவன், ஆகஸ்டில் இரண்டு நாள் ஃப்ளாரன்ஸையும் பார்த்து வந்தேன். பழைய பாலத்தின் கீழே ஆர்னோ அசைவே இல்லாமல் பச்சையாகக் கிடந்தது. அன்று மாலை ஒரு தெருவில், என் தலைக்கு வெகு மேலே, 1966 நவம்பர் 4 அன்று தண்ணீர் இதுவரை ஏறியது என்று ஒரு கல் பதித்திருந்ததைப் பார்த்தேன். இந்த ஆறா? நம்ப முடியவில்லை. அப்படியென்றால் இத்தனை ஓவியங்களையும் இன்னும் ஆற்றங்கரையிலேயே ஏன் வைத்திருக்கிறார்கள்? மேட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாமே? அப்புறம், சான்டா குரோச்சே தேவாலயத்தில் ஒரு பெரிய சிலுவை ஓவியம் பாதி அழிந்தபடியே தொங்குகிறது. அதை ஏன் சரிசெய்யவில்லை?

மு., திருப்பூர்

*

அன்புள்ள மு.,

நீங்கள் பார்த்தது ஆகஸ்ட் ஆர்னோ. நவம்பர் ஆர்னோ வேறு ஆள். ஃபால்தெரோனா மலையில் பிறந்து சுமார் 240 கிலோமீட்டரில் கடலுக்குப் போய்விடுகிற சின்ன ஆறு அது. மலைச்சரிவில் பெய்த மழை தங்காமல் அன்றன்றே இறங்கிவிடும். 1966இல் நவம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் வினாடிக்கு 4,000 கன மீட்டருக்கு மேல் வந்தது. நம் கணக்கில் 1 லட்சத்து 40 ஆயிரம் கன அடி. ஊருக்குள் இருக்கும் ஆற்றுத் தடம் அதைத் தாங்கவில்லை. பள்ளமான சான்டா குரோச்சே பகுதியில் தண்ணீர் 6 மீட்டரையும் தாண்டியது. அன்று அரசு விடுமுறை, கடைகள் திறக்கவில்லை. இல்லாவிட்டால் சாவு இன்னும் அதிகமாகியிருக்கும்.

ஏன் ஆற்றங்கரையில் என்று கேட்கிறீர்கள். சான்டா குரோச்சேவிலிருந்து ஆற்றை நோக்கி நடந்தால் கோர்சோ டெய் தின்தோரி என்று ஒரு தெரு வரும். சாயக்காரர் தெரு என்று அர்த்தம். திருப்பூர்க்காரருக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. கம்பளியை அலசவும், துணியை மிதிக்கும் ஆலைகளை ஓட்டவும், சாயம் தோய்க்கவும் ஆறு வேண்டும். இடைக்கால ஃப்ளாரன்ஸின் பணமெல்லாம் வங்கியிலிருந்து வந்ததாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் துணிதான் அடித்தளம். பேராலயத்துக்கு எதிரே இருக்கும் திருமுழுக்கு ஆலயத்தைப் பராமரித்தது காலிமாலா என்ற துணி வணிகர் சங்கம். கிபெர்த்தி என்ற சிற்பியிடம் அதற்கு வெண்கலக் கதவு செய்யச் சொன்னதும் அவர்களே. 1425இல் தொடங்கி 1452 வரை உழைத்து அவர் முடித்த அந்த ‘சொர்க்கக் கதவி’ன் பத்துப் பலகைகளில் ஐந்தை 1966இல் ஆறு பெயர்த்துப்போட்டது. கொடுத்தவனே வந்து பிடுங்கியது போல. ஆக, ஓவியங்கள் ஆற்றங்கரையில் மாட்டிக்கொண்டன என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆறு இல்லாவிட்டால் அவை இல்லை.

சரி, அதற்காக நடந்ததெல்லாம் விதி என்று விட்டுவிடவும் முடியாது. எனக்குக் கோபம் வருவது தேசிய நூலகத்தின் கதையில்தான். அது 1935இல் திறந்த கட்டடம். நிற்பது அதே சாயக்காரர் தெருவை ஒட்டி, ஆற்றைப் பார்த்தபடி. 1333, 1557, 1844 வெள்ளங்கள் ஊரறிந்தவை. அப்படியிருந்தும் நிலவறையிலும் தரைத்தளத்திலும் நூல்களையும் பழைய செய்தித்தாள்களையும் அடுக்கியிருந்தார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்டவை நனைந்தன. வெறும் தண்ணீராக இருந்தாலாவது பரவாயில்லை. குளிர்காலம் தொடங்கும் நேரம் என்பதால் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயை நிலவறைத் தொட்டிகளில் அப்போதுதான் நிரப்பி வைத்திருந்தார்கள். நாஃப்தா என்பார்கள். தொட்டிகள் உடைந்து அது வெள்ளத்தோடு கலந்து, சுவர், பளிங்கு, தாள் எல்லாவற்றிலும் கறுப்பாக ஏறியது. ஆற்று நீர் சேற்றைத்தான் கொண்டுவந்தது. எண்ணெயை வைத்திருந்தது ஊர்.

பல நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள் வரிசையாக நின்று, சேறு சொட்டும் புத்தகங்களைக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். சேற்றுத் தேவதைகள் என்று பின்னால் பெயர் வந்தது. நனைந்த புத்தகங்களைப் புகையிலை உலர்த்தும் சூளைகளில் வைத்துக் காயவைத்தார்கள். இன்று உலகெங்கும் நூல் பாதுகாப்பில் கையாளும் முறைகளில் பல அந்த மாதங்களில் கற்றவை.

இப்போது உங்கள் சிலுவை. சிமபூவே 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்தது. வெள்ளம் வந்தபோது அது தேவாலயத்தின் பழைய உணவுக்கூடத்தில் இருந்தது. தண்ணீரை உறிஞ்சி மரம் ஊதியது. மரம் உப்பினால் மேலே இருக்கும் வண்ணப் பூச்சும் கூடவே விரியுமா என்ன? விரிசல் விட்டு உதிர்ந்தது. ஏறக்குறைய 60 சதவீத வண்ணம் போயிற்று. சேற்றில் மிதந்த துகள்களைச் சலித்துத் தேடியிருக்கிறார்கள். பத்து வருடம் வேலை நடந்து 1976இல் திரும்பி வந்தது.

சரிசெய்யாமல் விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அது சரிசெய்யப்பட்ட ஓவியம்தான். உம்பெர்த்தோ பால்தினியும் அவர் குழுவினரும் இல்லாமல்போன முகத்தைக் கற்பனையில் வரைய மறுத்துவிட்டார்கள். அழிந்த இடங்களில், மீந்திருக்கும் வண்ணங்களிலிருந்து எடுத்த நிறங்களை மெல்லிய கீற்றுகளாகப் பின்னினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணை உறுத்தாத ஒரு மங்கல். கிட்டே போனால் இங்கே ஒன்றும் இல்லை என்று தெளிவாகத் தெரியும். இதை ஏற்காதவர்கள் அப்போதும் இருந்தார்கள். எனக்கு அந்த முடிவு பிடித்திருக்கிறது. யாரோ ஒருவர் திறமையாக வரைந்த முகத்தை சிமபூவே என்று நம்பிக் கும்பிடுவதைவிட இது மேல்.

மேட்டுக்குக் கொண்டுபோகலாமே என்றீர்கள் அல்லவா, ஒருவகையில் அதைத்தான் செய்கிறார்கள். ஊரை விட்டு அல்ல, இருக்கும் இடத்திலேயே மேலே. சிலுவை இப்போது உயரத்தில் தொங்குகிறது. அன்று பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் மூழ்கிக் கிடந்த, வசாரி வரைந்த ‘கடைசி இராவுணவு’ ஓவியம் சரியாக 50 வருடம் கழித்து, 2016 நவம்பரில்தான் சான்டா குரோச்சேவுக்குத் திரும்பியது. வெள்ள எச்சரிக்கை வந்தால் அதை அப்படியே மேலே தூக்கிவிடப் பொறி வைத்திருக்கிறார்கள். கிபெர்த்தியின் அசல் கதவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது, வெளியே நிற்பது நகல். ஆற்றிலும் வேலை நடந்திருக்கிறது. பழைய பாலத்தடியில் படுகையை ஆழப்படுத்தினார்கள், சீயேவே என்ற துணையாற்றில் பிலன்சீனோ அணை கட்டினார்கள். 2025 மார்ச்சில் சிவப்பு எச்சரிக்கை விடும் அளவுக்குத் தண்ணீர் வந்து, கரைக்குள்ளேயே போனது. 1966 அளவுக்கு வந்தால் போகுமா என்றால், நான் பந்தயம் கட்டமாட்டேன்.

மறுபடி போனால் வியா டெய் நேரி தெருவும் வியா சான் ரெமீஜியோவும் சந்திக்கும் மூலையில் சுவரைப் பாருங்கள். 1333 வெள்ளத்துக்கு ஒரு கல். அதுவும் நவம்பர் 4தான். அலைகளிலிருந்து ஒரு கை எழுந்து, தண்ணீர் வந்த உயரத்தை விரலால் காட்டுவது போலச் செதுக்கியிருக்கிறார்கள். 1966க்கான கல் அதற்கும் மேலே இருக்கிறது.