மொராக்கோவில் வேலை கிடைத்திருக்கிறது. பார்ப்பவர்களை எல்லாம் கன்னத்தில் முத்தமிட வேண்டுமாமே, உண்மையா?

பயப்படாதீர்கள். கன்னத்தோடு கன்னம் வைப்பது நெருங்கிப் பழகியவர்களுக்குள்தான். அதுவும் பெரும்பாலும் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும். புது ஆளுக்குக் கைகுலுக்கல் போதும். குலுக்கிய கையை நெஞ்சில் ஒரு தடவை வைத்து எடுப்பார்கள், நீங்களும் வையுங்கள். எதிரில் பெண் என்றால் அவர் கை நீட்டும்வரை பொறுங்கள். பெரிய நகரத்து ஆபீஸ்களில் ஆண் பெண் எல்லாரும் கன்னம் கொடுப்பார்களே என்று யாராவது சண்டைக்கு வரலாம். அங்கே பிரெஞ்சு வழக்கம் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. நான் பார்த்த ஊரைச் சொல்கிறேன்.

நான் அகாதிரில் ஒரு மீன் பதனிடும் ஆலையில் குளிர்சாதன மெக்கானிக்காக இருந்தவன். அங்கே உங்களுக்கு வேண்டியது பொறுமை. தெருமுனைக் கடையில் 1 திர்ஹம் 20 சென்டிமுக்கு வட்ட ரொட்டி வாங்கப் போனால் முதலில் சலாம். அப்புறம் 'லாபாஸ்?', அதாவது நலமா? உடம்பு எப்படி, வீட்டில் எப்படி, பிள்ளைகள் எப்படி? இவர் கேட்கும்போதே அவரும் கேட்பார். பதிலுக்கு யாரும் காத்திருப்பதில்லை, நடுநடுவே 'ஹம்துலில்லாஹ்' மட்டும் விழும். பின்னால் நிற்பவர் முகம் சுளிக்காமல் அதில் கலந்துகொள்வார். அதற்குப் பிறகுதான் ரொட்டி. முடி வெட்டிக்கொண்டு வந்தால் தெருவே 'பஸ்ஸஹா' என்று வாழ்த்தும்.

எங்களைக் கூட்டிப்போன ஒப்பந்தக்காரரின் மேனேஜருக்கு இதெல்லாம் வெட்டிப்பேச்சு. "குசலம் விசாரிக்கவா சம்பளம்?" என்பார். எங்கள் பேச்சுக்கு நிமிஷக் கணக்குப் பார்த்த அதே மனுஷன் நோட்டில், ராத்திரி பார்த்த ஓவர்டைம் மட்டும் ஏறவே இல்லை. கேட்டால் மெயில் போடு என்பார். போட்ட மெயில்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. சரி, அது கிடக்கட்டும்.

இன்னொன்று, எல்லாரையும் அரபிகள் என்று சொல்லிவிடாதீர்கள். அகாதிர் பக்கம் நிறையப் பேர் வீட்டில் பேசுவது தஷெல்ஹித். அரபிகளுக்கு முன்பிருந்தே அங்கே வாழும் அமாசிக் (பெர்பர்) மக்களின் மொழிகளில் அதுவும் ஒன்று. 2011 அரசியல் சட்டத்திலேயே அமாசிக்கும் ஆட்சிமொழி ஆகிவிட்டது. அவர்களிடம் 'மன்ஸாகின்' என்று நலம் கேட்டால் முகமே மாறும்; மூத்தவர் யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்.

வெள்ளிக்கிழமை என்றால் கூஸ்கூஸ்தான், ஆவியில் வேகவைத்த கோதுமை ரவைச் சாப்பாடு. கம்பள விளிம்பில் செருப்பைக் கழற்றிவிட்டு, 'பிஸ்மில்லாஹ்' சொன்ன பிறகு, பொதுத் தட்டில் உங்களுக்கு நேரே இருப்பதை மட்டும் வலது கையால் எடுங்கள். நடுவில் இருக்கும் கறிக்குக் கை நீட்ட வேண்டாம், வீட்டுக்காரரே பிய்த்து உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார்.