வாசகர் கேள்வி: ஹார்ட்விக் மாளிகையைத் தாங்குவது எது?

கேள்வி: இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள ஹார்ட்விக் ஹால் மணற்கல் மாளிகை என்கிறார்கள். படத்தில் முகப்பு முழுவதும் கண்ணாடியாகவே தெரிகிறது. கான்கிரீட் இல்லாத காலத்தில் அது எப்படி நின்றது? அந்தக் குளிரில் வசிக்கத்தான் முடிந்ததா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: 1590 முதல் 1597 வரை கட்டப்பட்ட இம்மாளிகையைப் பற்றி, 'சுவரைவிடக் கண்ணாடியே அதிகம்' என்று ஆங்கிலேயர்களே சொல்வதுண்டு. கட்டியவர் ஷ்ரூஸ்பரி பிரபுவின் மனைவி எலிசபெத். 'பெஸ் ஆஃப் ஹார்ட்விக்' என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட கருத்து.

உங்கள் கேள்விக்கான விடை முகப்பில் இல்லை, வீட்டின் உட்புறத்தில் இருக்கிறது. கணப்புகளையும் புகைபோக்கிகளையும் வெளிச்சுவரில் வைக்காமல், தடித்த உட்சுவர்களுக்குள்ளேயே ஸ்மித்சன் அடக்கிவிட்டதால், வெளிச்சுவரை வலுவிழக்கச் செய்யாமலே அகன்ற சாளரங்களைத் திறக்க இடம் கிடைத்தது. அச்சாளரங்களும் வெறும் திறப்புகள் அல்ல. நெடுக்கும் குறுக்குமாக நிற்கும் கற்சட்டங்கள் அவற்றைப் பகுக்கின்றன, அவற்றுக்கிடையே சிறு கண்ணாடித் துண்டுகள் ஈயப்பட்டைகளால் இணைக்கப்பட்டுள்ளன. சில சாளரங்கள் வெளித்தோற்றத்தின் சமச்சீருக்காக மட்டுமே வைக்கப்பட்டவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மேலே செல்லச் செல்லச் சாளரங்களின் உயரம் கூடுவதற்குக் காரணம், அரசியையே வரவேற்கத் தக்க பெருங்கூடம் இரண்டாம் தளத்தில் அமைந்திருப்பதுதான். கண்ணாடி மிகுந்த விலைக்கு விற்ற காலம் அது; ஆகவே வெளிச்சத்துக்கு இணையாகச் செல்வத்தைக் காட்டும் நோக்கமும் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆறு கோபுரங்களின் உச்சியிலும் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் வெட்டி நிறுத்திய பெண்மணி அடக்கத்தை விரும்பியிருக்க மாட்டார்.

குளிரைப் பொறுத்தவரை, அவர்கள் சிரமப்படத்தான் செய்தார்கள். கற்சுவரின் குளிர்ச்சியைத் தடுக்கச் சித்திரத் திரைச்சீலைகள் தொங்கவிடப்பட்டன. 1592-இல் வாங்கிய, விவிலிய வீரன் கிதியோனின் கதையைச் சொல்லும் திரைகள் பதின்மூன்றும் நெடுங்கூடத்தை நிறைத்தன. பெஸ் தாம் உறங்கியது பகட்டான இரண்டாம் தளத்தில் அல்ல, முதல் தளத்தில். 1601-இல் எழுதப்பட்ட பொருட்பட்டியல் அவருடைய படுக்கையறையில் இருந்த போர்வைகளையும் தடித்த திரைகளையும் நீளமாக அடுக்கிச் சொல்கிறது.