ஜியோகேச்சிங்: ஆப் "வந்துவிட்டீர்கள்" என்கிறது, பெட்டியைக் காணோமே?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு வார இறுதிகளில் ஜியோகேச்சிங் (யாரோ ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் உதவியோடு தேடும் விளையாட்டு) போனோம். ஆப் காட்டிய இடத்துக்குச் சரியாகப் போயும் ஒரு பெட்டிகூடக் கிடைக்கவில்லை. எப்படித் தேடுவது? இதை ஒரு நல்ல நடையோடு எப்படிச் சேர்ப்பது? டிசம்பரில் தமிழ்நாட்டுக்குப் போகும்போதும் செய்ய முடியுமா?

பதில்:

"சரியாக" என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. திறந்த வெளியில் கைப்பேசியின் ஜிபிஎஸ் 3 முதல் 5 மீட்டர் வரை பிசகும். அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் உயரமான புளோக்குகளுக்கு நடுவிலும் 10, 15 மீட்டர்கூட விலகும். செயற்கைக்கோள் சிக்னல் நேராக வராமல் சுவரிலும் ஈர இலையிலும் பட்டுத் திரும்பிச் சுற்றி வந்து சேர்வதுதான் காரணம். பெட்டியை ஒளித்து வைத்தவரும் இதே போன்ற ஒரு கருவியில்தான் இடத்தைக் குறித்திருப்பார். அவருடைய பிசகும் உங்களுடைய பிசகும் எதிரெதிர்ப் பக்கமாக அமைந்துவிட்டால், அம்புக்குறி பூஜ்யம் காட்டும் இடத்திலிருந்து பெட்டி பத்து தப்படி தள்ளி இருக்கும். ஜிபிஎஸ் தெருமுனை வரைக்கும்தான் கூட்டிப்போகும். வீட்டைக் கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த விளையாட்டு பிறந்ததே ஒரு பிசகு நீங்கியதால்தான். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதனால் 100 மீட்டர் வரை தவறாகக் காட்டும். 2000 மே 2 அன்று அந்தப் பிழையை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் பகுதியில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியில் சில பொருள்களைப் போட்டு வைத்துவிட்டு, அதன் கோஆர்டினேட்டை (இடத்தைக் குறிக்கும் எண்களை) இணையத்தில் எழுதினார்: வடக்கு 45° 17.460, மேற்கு 122° 24.800.

அந்த எண்களைச் சற்று உற்றுப் பாருங்கள். பாகை (டிகிரி), பிறகு கலை (மினிட், பாகையில் அறுபதில் ஒன்று), கலைக்குப் பின்னால் மூன்று தசம இலக்கம். இன்றும் எல்லாப் பெட்டிகளின் இணையப் பக்கத்திலும் இதே வடிவம்தான். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக 1.85 மீட்டர் நகரும். ஆரிகனில் கிழக்கு மேற்காக அதே ஒரு இலக்கத்துக்கு 1.3 மீட்டர்தான், ஏனென்றால் துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கக்கோடுகள் நெருங்கிவிடும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் இங்கே இரண்டு பக்கமும் அதே 1.85 மீட்டர். வேறு மேப் ஆப்பில் கையால் தட்டச்சு செய்யும்போதுதான் பெரிய தவறு நடக்கும். 1° 20.500 என்பதை 1.20500 என்று போட்டுவிட்டால் இடம் 15 கிலோமீட்டர் தெற்கே, கடல் பக்கம் போய்விடும். சரியான தசம வடிவம் 1.34167. கலையை 60-ஆல் வகுத்துப் பாகையோடு கூட்டினால் இது வந்துவிடும்.

இப்போது நீங்கள் தேடிய பெட்டி எந்த வகை என்று பாருங்கள். வரைபடத்தில் பச்சைச் சின்னம் இருந்தால் அது ட்ரடிஷனல், கொடுத்த இடத்திலேயே பெட்டி இருக்கும். நீல நிறத்தில் கேள்விக்குறி இருந்தால் மிஸ்டரி. அதில் வரைபடம் காட்டும் இடம் பொய். பெட்டியின் இணையப் பக்கத்தில் உள்ள புதிரை அவிழ்த்தால்தான் உண்மையான இடம் கிடைக்கும், பெரும்பாலும் அது மூன்று கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும். புதியவர்கள் கேள்விக்குறி நிற்கும் இடத்தில் போய் மணிக்கணக்காகத் தேடுவது ரொம்பச் சாதாரணம். இரண்டு வாரமும் உங்களுக்கு இதுவே நடந்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பிள்ளைகளோடு போகிறவர்கள் முதல் ஐந்து பெட்டிகளையாவது பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் தேடும் கடினம், நிலத்தின் கடினம் என்று இரண்டு மதிப்பெண், 1 முதல் 5 வரை. இரண்டுமே 2-க்குள் இருக்கட்டும். நிலத்துக்கு 5 என்றால் படகோ கயிறோ வேண்டியிருக்கும். அளவு மைக்ரோ என்றால் 100 மில்லிக்கும் குறைவு, பழைய ஃபிலிம் டப்பா மாதிரி. அதிலும் சிறிய நேனோ சட்டைப் பொத்தான் அளவுதான். ஸ்மால் என்றால் ஒரு லிட்டர் வரை, ரெகுலர் 20 லிட்டர் வரை. நகரங்களில் மைக்ரோதான் அதிகம், தேடிப்பிடித்து ஸ்மாலும் ரெகுலரும் எடுங்கள். பிள்ளைகளுக்கு உள்ளே பொருள் இருந்தால்தான் ஆர்வம் நிற்கும். அப்புறம், முன்பு தேடியவர்கள் பெட்டியின் இணையப் பக்கத்தில் எழுதிய பழைய பதிவுகளைப் படியுங்கள். கடந்த ஒரு மாதத்தில் யாராவது கண்டெடுத்திருக்க வேண்டும். கடைசி இரண்டு பதிவும் "கிடைக்கவில்லை" என்றிருந்தால் பெட்டியே அங்கு இல்லாமல் இருக்கலாம், அதை விட்டுவிடுங்கள். இலவசக் கணக்கில் ஆப் எல்லாப் பெட்டிகளையும் திறந்து காட்டாது, இணையதளத்தில் கூடுதலாகப் பார்க்கலாம்.

தேடும் முறைக்கு வருவோம். தூரம் 15 மீட்டர் என்று காட்டும்போதே நின்றுவிடுங்கள். கைப்பேசியை மார்புக்கு நேரே படுக்கை வாட்டில் பிடித்து அரை நிமிடம் அசையாமல் இருங்கள், எண் நிலைப்படும். காந்த மூடி வைத்த கவர் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், அது திசைகாட்டியைக் குழப்பும். அம்பு காட்டும் திசையில் ஒரு மரத்தையோ கல்லையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பாதையிலேயே பத்து மீட்டர் தள்ளிப்போய் அங்கிருந்தும் அதேபோல் பாருங்கள். இரண்டு பார்வையும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் தேட வேண்டிய இடம். நெருங்கியதும் அம்பு இடமும் வலமுமாகத் துள்ள ஆரம்பிக்கும். அப்போது கைப்பேசியைப் பையில் போட்டுவிட வேண்டும். துள்ளும் அம்பின் பின்னாலேயே வட்டமடிப்பதுதான் நேரத்தைத் தின்கிறது.

அதன் பிறகு கேட்க வேண்டிய கேள்வி: ஒளிக்க வேண்டியது நீங்களாக இருந்தால் எங்கே வைப்பீர்கள்? வழிப்போக்கர் கண்ணில் படக்கூடாது, மழைநீர் தேங்கக்கூடாது, குனிந்தோ எட்டியோ எடுக்க முடிய வேண்டும். வேர்களுக்கு இடையிலான பொந்து, கைப்பிடிக் கம்பியின் அடிப்பக்கம், பலகையின் பின்புறம், படிக்கட்டின் கீழ்விளிம்பு என்று பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். காட்டில் தானாக விழுந்த குச்சிகள் பல திசையில் கிடக்கும். ஐந்தாறு குச்சிகள் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே நீளத்தில் அடுக்கியது போல் கிடந்தால் அங்கே ஒரு கை வேலை செய்திருக்கிறது. பாசி படிந்த கற்களுக்கு நடுவே ஒரு கல் மட்டும் பாசிப்பக்கம் கீழாகத் திரும்பியிருந்தாலும் அப்படித்தான். இவற்றைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் சீக்கிரம் பார்த்துவிடுவார்கள், அவர்கள் கண்மட்டம் தாழ்ந்தது. கால் மணி நேரம் போனபின் பெட்டியின் இணையப் பக்கத்தில் உள்ள குறிப்பைத் திறந்து பாருங்கள். "காந்தம்", "முழங்கால் உயரம்" என்கிற அளவில்தான் இருக்கும், ஆனால் அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

மண்ணைத் தோண்டாதீர்கள். நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் தோண்டிப் புதைப்பதற்கு விதியில் இடமில்லை. மின்பெட்டி, விளக்குக் கம்பத்தின் மூடி எதையும் திருகாதீர்கள். பொந்துக்குள் வெறுங்கையை விடவே கூடாது. டார்ச் அடித்துப் பார்த்து, குச்சியால் தட்டிவிட்டு எடுங்கள். சிங்கப்பூர்க் காடுகளில் வேக்லர் குழிவிரியன் ஒரே கிளையில் நாள்கணக்கில் அசையாமல் சுருண்டிருக்கும், இலைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. இயற்கை வனப்பகுதியில் அம்பு காட்டுக்குள் கைகாட்டினாலும் குறித்த பாதையை விட்டு இறங்காதீர்கள். பாதை வளைந்து மறுபக்கமாகப் போய்ச் சேரும், இல்லையென்றால் சிக்னல் பிசகியிருக்கும்.

கண்டெடுத்த பின் செய்வதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மூடும் விதத்தில்தான் பெட்டிகள் கெட்டுப்போகின்றன. நான்கு பக்கமும் கொக்கி போட்டு மூடும் உணவு டப்பாக்களில் மூடியின் உட்புறம் ஒரு சிலிகோன் வளையம் இருக்கும். தண்ணீரைத் தடுப்பது அதுதான். கண்டெடுத்தவர்கள் பெயர் எழுதும் பதிவுப் புத்தகத்தை ஜிப் கவரில் போட்டுத் திணித்து மூடும்போது, கவரின் மூலை அந்த வளையத்தின் மேல் மாட்டிக்கொள்ளும். கொக்கி "டக்" என்று விழும், மூடியாகிவிட்டது என்று நாமும் நினைப்போம். ஆனால் அந்த பிளாஸ்டிக் மடிப்பு வழியாக மழைத்தண்ணீர் திரி போட்டது போல் உள்ளே இறங்கும். சிங்கப்பூர் மழைக்கு இரண்டே வாரத்தில் புத்தகம் கூழாகிவிடும். ஒரு மணல் துகள், ஒரு இலைக்காம்பு போதும், அதே கதிதான். எனவே மூடுமுன் வளையத்தைச் சுற்றி விரலால் ஒருமுறை துடையுங்கள், கவரிலிருந்து காற்றைப் பிதுக்கி எடுத்து இரண்டாக மடித்து நடுவில் வையுங்கள், நான்கு மூலையையும் பார்த்துவிட்டுக் கொக்கியைப் போடுங்கள்.

நேனோவில் வேறு வித்தை. உள்ளே ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் நாடா போன்ற காகிதச் சுருள். எடுக்க ஒரு ட்வீசர் வேண்டும். திருப்பி வைக்கும்போது ஒரு பல்குச்சியின் முனையில் சுற்றத் தொடங்கி, இறுக்கமாகச் சுருட்டி, குச்சியை உருவிவிட்டு உள்ளே தள்ள வேண்டும். தளர்வாகச் சுருட்டினால் ஓரம் திருகுமரையில் சிக்கிக் கிழியும். சிறிய டப்பாக்களில் பேனா இருக்காது, எப்போதும் ஒன்று கையில் இருக்கட்டும். மைப்பேனாவைவிடப் பென்சில் நல்லது, ஈரத்தில் கலையாது.

பொருள் எடுத்தால் அதற்கு ஈடான அல்லது கூடுதல் மதிப்புள்ள ஒன்றை வைக்க வேண்டும். மிட்டாய், பிஸ்கட் எதுவும் வேண்டாம். எறும்பு முதலில் வரும், குரங்கு அடுத்து வரும். எண் பொறித்த உலோகத் தகடு மாட்டிய பொருள் இருந்தால் அது டிராக்கபிள். அது பரிசு இல்லை, பயணி. எடுத்தால் இன்னொரு பெட்டியில் சேர்க்க வேண்டும். அதன் எண் தெரியும்படி படம் எடுத்துப் போடாதீர்கள். பெட்டியை எடுத்த இடத்திலேயே, எடுத்த அதே விதத்தில் மறைத்து வையுங்கள். "இதைவிட நல்ல இடம்" என்று நகர்த்தினால் அடுத்து வருகிறவர் உங்கள் நிலைமைக்கு ஆளாவார். கிடைக்கவில்லை என்றால் அதையும் பதியுங்கள். அந்தப் பதிவைப் பார்த்துத்தான் பெட்டிக்கு உரியவர் வந்து சரிபார்ப்பார்.

நடையோடு சேர்ப்பதற்கு நடையை முதலில் தீர்மானியுங்கள், பெட்டிகள் அதன் மேல் வந்து விழட்டும். பெட்டியைத் துரத்தி பஸ் மாறி பஸ் ஏறினால் களைப்புதான் மிச்சம். பிள்ளைகளோடு மணிக்கு இரண்டு, இரண்டரை கிலோமீட்டர், பெட்டி ஒன்றுக்குக் கால் மணி. ஆறு கிலோமீட்டரில் ஐந்து பெட்டி என்றால் ஏறக்குறைய நான்கு மணி நேரம். முதல் முறைக்குப் பழைய ரயில் பாதை (ரயில் காரிடார்) நல்லது. 2011-இல் ரயில் நின்றபின் நடைவழியான இது 24 கிலோமீட்டர் நீளம், சமதரை, நடுவில் பல இடங்களில் வெளியேறி வீடு திரும்பலாம். தெற்கு முகடுகள் (சதர்ன் ரிட்ஜஸ்) நடைவழி 10 கிலோமீட்டர், நடுவில் சாலைக்கு 36 மீட்டர் மேலே ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம். மெக்ரிச்சி நீர்த்தேக்கத்திலிருந்து மரவுச்சிப் பாலம் (ட்ரீடாப் வாக்) வரை போய்த் திரும்பினால் 10 கிலோமீட்டருக்கு மேல் ஆகும், எட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அது கடினம். 250 மீட்டர் நீளமுள்ள அந்தத் தொங்குபாலம் ஒருவழிதான், திங்கட்கிழமை மூடியிருக்கும். அங்கே பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகளுக்கு அது சாப்பாட்டு மூட்டை. விலங்குகளுக்கு உணவு கொடுத்தால் முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம்.

காலை ஏழு மணிக்குத் தொடங்கி நண்பகலுக்குள் முடியுங்கள், இடியும் மழையும் பெரும்பாலும் பிற்பகலில்தான். பெரியவர்களுக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் கணக்கு. வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொண்டால் ஏரோபிளேன் மோடிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், பேட்டரி நிற்கும். கொசுமருந்து, முழுக்கைச் சட்டை கட்டாயம்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, பெட்டிகள் குறைவு, மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கிப் பலர் இறந்தார்கள். அனுமதியில்லாமல் காட்டுக்குள் போகவே கூடாது. வனத்துறை 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவு முறையில் திறந்தது. பழங்குடி வழிகாட்டிகள் கூடவே வருவார்கள். போக ஆசையென்றால் அந்த வழியாகப் போங்கள். பெட்டி வைத்துவிட்டு வரலாம் என்று எண்ண வேண்டாம். பராமரிக்க ஆள் இல்லாத ஊரில் வைத்தால் புதுப் பெட்டிகளைப் பரிசீலிக்கும் தன்னார்வலர்கள் பொதுவாக ஏற்க மாட்டார்கள், காட்டில் அது வெறும் குப்பையாகத்தான் கிடக்கும். அவசர உதவிக்கு என்று செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவியைக் கொண்டுபோகாதீர்கள். அனுமதி இல்லாமல் வைத்திருந்ததற்காக இந்திய விமான நிலையங்களில் வெளிநாட்டவர் பிடிபட்டிருக்கிறார்கள். அங்கே உங்களுக்குப் பொருத்தமானது எர்த்கேச் வகை. அதில் பெட்டியே கிடையாது. பாறையோ அருவியோ கடற்கரையோ, கொடுத்த இடத்துக்குப் போய், பாறையின் நிறம், அடுக்குகளின் தடிமன் போன்றவற்றை நேரில் பார்த்து, இணையப் பக்கத்தில் உள்ள கேள்விகளுக்கான விடையை உரியவருக்குத் தனிச்செய்தியாக அனுப்ப வேண்டும். அனுப்பியதும் "கண்டேன்" என்று பதிந்துவிடலாம், அவர் பதில் எழுதும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விடையைப் பொதுப்பதிவில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.