பெயின்ட் கடையில் ஒரு சுமைதாங்கி

அன்புள்ள ஐயா,

நான் மயிலாடுதுறையில் இருக்கிறேன். எங்கள் தெருமுனையில் ஒரு பெயின்ட் கடை. போன மாதம் பிரைமர் வாங்கப் போனபோது, டின்கள் அடுக்கிய ரேக்குக்கு மேலே வரிசையாகப் படங்கள் மாட்டியிருந்தன. எங்கள் பகுதியில் முப்பது வருடம் கடைகளுக்குப் போர்டு எழுதியவர் வரைந்தவை. ஃபிளெக்ஸ் வந்தபின் அவருக்குத் தொழில் போய்விட்டது. இரண்டு வருடம் முன்பு மனைவியும் இறந்துவிட்டார்.

பழைய போர்டுகளின் பின்பக்கத்தில், எழுதி மிஞ்சிய எனாமல் பெயின்டில் வரைந்திருக்கிறார். மொத்தம் பதினான்கு. அதில் பத்துப் படங்களில் ஒரே கொல்லைக் கதவுதான். ஒன்றில் கதவு பாதி திறந்திருக்கிறது. வெளியே ஒன்றுமே இல்லை, வெறும் பச்சை. இலைப் பச்சையும் இல்லை, பாசிப் பச்சையும் இல்லை. மழைக்கு முன்னால் வீட்டுக்குள் ஒரு வெளிச்சம் வருமே, அப்போது சுவரில் தெரிகிற பச்சை. கீழே போகப் போகக் கறுப்பாகிவிடுகிறது. ஆனால் கறுப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று எவ்வளவு பார்த்தும் தெரியவில்லை. பிரைமர் வாங்காமலே திரும்பிவிட்டேன். வழியெல்லாம் கண்ணீர்.

முறையாக ஓவியம் படித்த நண்பரை அழைத்துப்போய்க் காட்டினேன். “பாவம், மனசு ஆறட்டும் என்று வரைகிறார். நீயும் அவர் கதை தெரிந்து அழுதிருக்கிறாய். உணர்ச்சி வேறு, கலை வேறு. நல்ல படமென்றால் ஏன் பெயின்ட் கடையில் தொங்குகிறது?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் ஏமாந்துவிட்டேனா?

செ., மயிலாடுதுறை

அன்புள்ள செ.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அவருடைய மனைவி இறந்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். பச்சையைப் பற்றி ஐந்தாறு வரி எழுதியிருக்கிறீர்கள். கதை கேட்டு அழுதவர் கதையைத்தான் எழுதுவார். நீங்களோ பிரைமரை மறந்துவிட்டு, கறுப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடிக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். நீங்கள் ஏமாறவில்லை.

நண்பர் கடைசியாகக் கேட்டதை, நல்ல படம் ஏன் பெயின்ட் கடையில் தொங்குகிறது என்பதை, முதலில் எடுத்துக்கொள்கிறேன். பெயின்ட் கடை என்றதுமே எனக்கு ஒரு மனிதரின் முகம்தான் வந்து நின்றது.

பாரிஸில், மோன்மார்த்ர் பக்கம், க்ளோசெல் தெரு 14ஆம் எண்ணில் ஓவியர்களுக்கு வண்ணம் விற்கும் ஒரு சின்னக் கடை இருந்தது. கடைக்காரர் பெயர் ழூலியன் தாங்கி. 1825இல் பிரான்ஸின் பிரிட்டனிப் பகுதியில் பிறந்தவர். வண்ணம் அரைக்கும் கூலிவேலை செய்து முன்னுக்கு வந்தவர். 1871இல் பாரிஸ் கம்யூன் என்ற மக்கள் எழுச்சியில் சேர்ந்து சிறைக்குப் போய் மீண்டவர். கையில் காசில்லாத ஓவியர்களுக்கு வண்ணக் குழாய்களைக் கொடுத்துவிட்டு, பதிலுக்குப் படத்தை வாங்கி வைத்துக்கொள்வார். அந்தப் படங்களைக் கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு. கடனுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தால் வீடு எப்படி நடக்கும் என்று அவர் மனைவி வருத்தப்பட்டிருக்கிறார். அந்த வருத்தத்தில் நியாயமும் இருந்தது.

1877க்குப் பிறகு பல வருடம், பாரிஸில் செசான் என்ற ஓவியரின் படங்களைப் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும். கோகென், எமில் பெர்னார், மொரீஸ் தெனி ஆகிய ஓவியர்கள் அப்படிப் போய்ப் பார்த்தவர்கள். வண்ணம் வாங்கப் போன இளைஞர்கள், எண்ணெய் வாடை அடிக்கும் அந்தக் கடையில் நின்று, அடுத்த நூற்றாண்டின் ஓவியம் எப்படி இருக்கப்போகிறது என்று கற்றுக்கொண்டார்கள். டச்சு ஓவியர் வான்கோவின் படங்களும் அங்கே இருந்தன. தாங்கியை அவர் மூன்று முறை வரைந்திருக்கிறார். 1887இல் வரைந்த ஒன்றில், பின்னால் சுவர் முழுக்க ஜப்பானிய அச்சுப் படங்கள். முன்னால் தொப்பி வைத்துக்கொண்டு, கைகளைக் கோத்து வயிற்றின் மேல் வைத்தபடி பெரியவர் உட்கார்ந்திருப்பார். அந்தப் படம் இப்போது பாரிஸ் ரோதென் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைகளைப் பாருங்கள். காலமெல்லாம் வண்ணம் அரைத்த கைகள்.

1890 ஜூலையில் பாரிஸுக்கு அருகே ஒவேர் கிராமத்தில் வான்கோ இறந்தபோது, அடக்கத்துக்கு வந்த சிலரில் இந்தக் கடைக்காரரும் ஒருவர். வான்கோவின் ‘ஐரிஸ் மலர்கள்’ படம் தாங்கியின் கை வழியாகத்தான் ஒக்தாவ் மிர்போ என்ற எழுத்தாளரிடம் போனது. அதே படம் 1987இல் 5 கோடியே 39 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. நண்பரிடம் இந்தத் தொகையைச் சொன்னால் அவர் வாயடைத்துப்போகலாம். தயவுசெய்து சொல்லாதீர்கள். விலை ஏறியதால் அந்தக் கடை உயர்ந்துவிடவில்லை. விலையே இல்லாத வருடங்களில் அந்தப் படங்கள் நாலு பேர் கண்ணில் படும்படி இருந்தன என்பதற்காகத்தான் தாங்கியை நான் வணங்குகிறேன். அவர் 1894இல் ஏழையாகவே இறந்தார்.

நம் ஊரிலும் கடைச் சுவர் ஓவியத்துக்கு அந்நியமான இடமில்லை. நாடகக் கம்பெனிக்குத் திரை எழுத வந்து கோவில்பட்டியிலேயே தங்கிவிட்ட கொண்டையராஜு (1898–1976) வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் காலண்டராக அச்சாகி, சலூனிலும் மளிகைக் கடையிலும் நெல் மண்டியிலும் தொங்கினார்கள். கேலரி என்ற சொல்லைக் கேட்டே இராத மக்கள் தினமும் அந்த வண்ணங்களின் எதிரில் நின்று சில்லறை எண்ணினார்கள். கேலரிக்கு ஒரு தடவை போவோம். தெருமுனைக் கடைக்கு வாரம் மூன்று தடவை போவோம். ஆணி வாங்கப் போகும்போது ஒரு பார்வை, பிரஷ் வாங்கப் போகும்போது இன்னொரு பார்வை. மெதுவாகத் திறக்கிற படங்களுக்கு அது எவ்வளவு பெரிய கொடுப்பினை!

இனி, உணர்ச்சி வேறு கலை வேறு என்று உங்கள் நண்பர் சொன்னது. இதை நான் ஒரேயடியாகத் தள்ளமாட்டேன். என் அப்பா இறந்த வருடம் நான் எழுதிய பக்கங்களில் ஒன்றைக்கூட இன்று படிக்க முடியவில்லை. அழுகை முழுக்க இருக்கிறது, அப்பா இல்லை. பஸ் டிக்கெட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைப்பாரே, அது இல்லை. துக்கம் இருந்தால் மட்டும் போதாது என்று அப்போதுதான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

1888 செப்டம்பரில் தெற்கு பிரான்ஸின் ஆர்ல் நகரில் வான்கோ ‘இரவு கபே’யை வரைந்தார். தொடர்ந்து மூன்று இரவு கண்விழித்து வரைந்து, பகலில் தூங்கினார். மனிதருக்குள் இருக்கிற பயங்கரமான உணர்ச்சிகளைச் சிவப்பையும் பச்சையையும் கொண்டு சொல்லப் பார்த்தேன் என்று தம்பி தியோவுக்கு எழுதினார். அந்தப் படத்தில் யாரும் அழவில்லை. சுவர் ரத்தச் சிவப்பு, கூரை பச்சை, நடுவில் பில்லியர்ட்ஸ் மேசை பச்சை, விளக்கைச் சுற்றி மஞ்சள். மேசைகளில் தலை கவிழ்ந்த இரண்டு மூன்று பேர். அவ்வளவுதான். ஆனால் ஒருவன் அந்த அறையில் உட்கார்ந்தே அழிந்துபோக முடியும் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. உணர்ச்சி அந்தச் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில் இருக்கிறது. அதற்கு முன்பு, ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ படத்துக்காக, அவர் ஒரு குளிர்காலம் முழுக்க விவசாயிகளின் முகங்களாகவே வரைந்துகொண்டிருந்தார், 40க்கும் மேல். மனம் நிறைய இரக்கம் இருந்தவர்தான். அந்த இரக்கம் கைக்கு இறங்க அத்தனை முகங்கள் தேவைப்பட்டன.

உங்கள் போர்டு எழுதியவருக்கு முப்பது வருடக் கை இருக்கிறது. எனாமல் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் வண்ணம். பச்சை கறுப்புக்குள் கரைவது தெரியக் கூடாதென்றால் ஈரம் இருக்கும்போதே முடித்தாக வேண்டும். ஜவுளிக் கடைப் பெயருக்கு ஷேடு கொடுத்துப் பழகிய கைக்குத்தான் அது வரும். அதே கை இப்போது ஒரு கதவுக்கு வெளியே இருக்கிற வெறுமைக்கு ஷேடு கொடுக்கிறது. மேலும், ஒரே கதவைப் பத்துத் தடவை வரைந்திருக்கிறார். மனம் ஆறுவதும் நடந்திருக்கலாம், நடக்கட்டும். ஆனால் முந்தின கதவு சரியாக வரவில்லை என்று நினைக்கிறவர்தான் அடுத்த கதவைத் தொடங்குவார். அந்த அதிருப்தி ஓவியனுடையது.

தாங்கி என்ற அந்தப் பெயர் நம் காதில் விழும் விதத்தை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்கள் பார்த்திருப்பீர்கள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவற்றை நடுவார்கள். தலைச்சுமையோடு போகிறவர் பிறர் உதவி இல்லாமல் தாமே இறக்கிவைத்து, தாமே தூக்கிக்கொள்ளத் தோதான உயரம். யாருக்காக நட்டது என்று இளைப்பாறுகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. கல் சரியான உயரத்தில் இருந்தால் போதும். அந்தக் கதவுப் படத்தின் எதிரில் நீங்கள் எதை இறக்கிவைத்தீர்கள் என்று நான் கேட்கமாட்டேன்.

கடைக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். படங்கள் மேல் மாலை வெயில் விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வான்கோ பயன்படுத்திய சில சிவப்புகள் வெளிச்சத்தில் வெளுத்துவிட்டன. அவருடைய படுக்கையறைப் படத்தில் ஊதாவாக இருந்த சுவர், சிவப்புப் போனதால் இன்று நீலமாகத் தெரிகிறது. எனாமலும் வெயிலுக்குத் தப்பாது. போர்டு எழுதியவருக்கு இது நன்றாகத் தெரியும், ஆனால் தனக்கு இடம் கொடுத்தவரிடம் ‘கொஞ்சம் உள்ளே தள்ளி மாட்டுங்கள்’ என்று கேட்கத் தயங்குவார். நீங்கள் கேளுங்கள்.

விலையும் கேளுங்கள். சொல்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். ஒரேயடியாக முடியாவிட்டால் இரண்டு தவணையாகத் தருகிறேன் என்று சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், பெயின்ட் கடையில் தவணை புதிதில்லை. வேறு யாராவது வாங்கிப்போவதற்குள் அந்தப் பச்சையை இன்னும் சில தடவை போய்ப் பாருங்கள். காலையில் ஒருமுறை, விளக்குப் போட்ட பிறகு ஒருமுறை. நண்பரையும் கூட்டிப்போங்கள், ஆனால் அவரிடம் எதையும் நிரூபிக்க முயலாதீர்கள்.

பதினான்கில் பத்து கதவு என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி நான்கிலும் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. அடுத்த முறை பிரைமர் வாங்கப் போகும்போது பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்.